எறிவது லைனை, பூச்சியை அல்ல: ஃப்ளை தூண்டில் கேள்வி – பதில்

இறகும் நூலும் கட்டிய செயற்கைப் பூச்சியை வைத்து மீன் பிடிப்பது ஃப்ளை தூண்டில். ஆற்றுக்கும் கடலுக்கும் அதற்கான ராட், ரீல், லைன் தேர்வு செய்வது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

நீலகிரியில் ட்ரவுட் பிடிக்க முதல் செட் வாங்கப் போகிறேன். ராடுக்கு 4, 5, 8 என்று நம்பர் சொல்கிறார்கள். அது எதைக் குறிக்கிறது? எதை முதலில் வாங்குவது?
– வாசகர், உதகமண்டலம்

அந்த நம்பர் ராட் எத்தனை கிலோ மீனைத் தூக்கும் என்பதற்கானது அல்ல. எந்த எடையுள்ள லைனை அந்த ராட் சரியாக எறியும் என்பதைத்தான் அது சொல்கிறது. சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டு முன்னால் பறக்கும், நரம்பு பின்னால் போகும். ஃப்ளையில் குண்டே கிடையாது. பூச்சி இறகு கனம்தான், அதைக் கையால் வீசினால் காலடியில் விழும். கனமெல்லாம் லைனுக்குள் இருக்கிறது. பறப்பது லைன், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போவது பூச்சி. ராட் வாங்குவதற்கு முன் இதை மனதில் வாங்கிக்கொண்டால் பாதிப் பணம் மிச்சம்.

லைனின் முன்பகுதி 30 அடியை, அதாவது 9.14 மீட்டரை, நிறுத்து வைத்த எண் அது. 4ஆம் நம்பர் லைனில் அந்த 30 அடி 7.8 கிராம், ஒரு சவரனுக்குச் சற்றே குறைவு. 5ஆம் நம்பர் 9.1 கிராம், 6 என்றால் 10.4, 8 என்றால் 13.6. 9ஆம் நம்பர் 15.6 கிராமில் இரண்டு சவரனை நெருங்குகிறது. 10 என்றால் 18.1, 12 என்றால் 24.6. நம்பர் தெரியாத பழைய லைன் கையில் இருந்தால் நகைக்கடைத் தராசு போதும். நுனியில் தடிமன் மாறாமல் மெல்லியதாக ஓடும் சில அங்குலத்தை விட்டுவிட்டு 30 அடி அளந்து, சுருட்டித் தட்டில் வையுங்கள். மீதி லைன் தராசுக்குப் பக்கத்தில் அதே உயரத்தில் இருக்கட்டும். கீழே தொங்கினால் எடை கூடுதலாகக் காட்டும்.

உங்களுக்கு எங்கள் பரிந்துரை 5ஆம் நம்பர், எட்டரை முதல் ஒன்பது அடி, நான்கு துண்டு ராட். ஒன்பதடி ராட் நான்காகப் பிரிந்தால் ஒரு துண்டு 75 சென்டிமீட்டருக்குள் வந்துவிடும், பஸ்ஸில் மடியில் வைத்துப் போகலாம். அவலாஞ்சி, எமரால்டு பக்கத்து நீர்த்தேக்கக் கரையில் காற்று சும்மா விடாது. அங்கே 4ஆம் நம்பர் தடுமாறும், 5 தாங்கும். சோலைக்குள் இரண்டு பக்கமும் புதர் மூடிய ஓடை மட்டும்தான் என்றால் ஏழரை அடி, 4ஆம் நம்பர் வசதி. ராடின் விறைப்பில் 'மீடியம் ஃபாஸ்ட்' கேளுங்கள். கடைக்காரர் பெருமையாக நீட்டும் 'எக்ஸ்ட்ரா ஃபாஸ்ட்' ராட் நுனி மட்டும் வளைவது. அதில் லைனின் கனம் கைக்குத் தெரியாது, கற்றுக்கொள்பவருக்கு அது கண்ணைக் கட்டிவிட்டது போல.

லைன் வாங்கும்போது தலைப்பக்கம் கனத்து, பின்பகுதி மெலிந்து ஓடும் 'வெயிட் ஃபார்வர்ட்' மிதவை லைன் வாங்குங்கள். லைனுக்கும் பூச்சிக்கும் நடுவே கட்டும் மெல்லிய நரம்பான லீடர் 9 அடி, நுனி 4 எக்ஸ். 11இலிருந்து எக்ஸ் நம்பரைக் கழித்தால் வருவது, ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு தடிமன் என்பது. 4 எக்ஸ் என்றால் ஆயிரத்தில் 7, அதாவது 0.18 மில்லிமீட்டர். 12 முதல் 16 வரை முள் நம்பருள்ள பூச்சிகளுக்கு அது பொருந்தும்.

பத்து ரூபாய் இருந்தால் ராடுக்கு ஐந்து, லைனுக்கு மூன்று, ரீலுக்கு இரண்டு. ட்ரவுட்டுக்கு ரீல் பெரும்பாலும் லைனைச் சுற்றி வைக்கும் பெட்டிதான், 'க்ளிக்' சத்தம் போடும் எளிய ரீலே போதும். லைனில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். நல்ல ராடில் மட்டமான லைன் போட்டவரைவிட, சுமாரான ராடில் நல்ல லைன் போட்டவர் நன்றாக எறிவார்.

பழகுவதற்கு மொட்டை மாடி வேண்டாம். சிமென்ட் தரை லைனின் மேல்பூச்சை உப்புத்தாள் போல உரசிவிடும். புல் தரையில், முள் இல்லாமல், நுனியில் ஒரு சிறு கம்பளித் துணுக்கைக் கட்டிப் பழகுங்கள். வனத்துறை, மீன்வளத்துறை அனுமதியை விசாரித்து வாங்கிக்கொண்ட பிறகே தண்ணீர்ப் பக்கம் போங்கள்.

அதே 5ஆம் நம்பர் செட்டை முட்டுக்காடு, பழவேற்காட்டில் கொடுவாவுக்குப் பயன்படுத்தலாமா? மே மாதத்தில் போனபோது லைன் ராடிலேயே ஒட்டிக்கொண்டது. நாற்பதடிகூடப் போகவில்லை.
– வாசகர், சென்னை

ஒட்டியது உங்கள் கைப்பிசகு அல்ல. அது குளிர்நீர் லைன். லைனுக்கு உள்ளே ஒரு நூல் இருக்கிறது, மேலே பிளாஸ்டிக் பூச்சு. ட்ரவுட் லைனில் உள்நூல் மெத்தென்ற பின்னல், பூச்சும் இளக்கமானது. குளிர்ந்த தண்ணீரில் விறைத்துச் சுருளாமல் இருப்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். அதையே சென்னை வெயிலுக்குக் கொண்டுவந்தால் உள்நூல் துவள்கிறது, பூச்சு பிசுபிசுக்கிறது, லைன் வளையங்களில் வழுக்குவதற்குப் பதில் ஒட்டுகிறது. சோதித்துப் பாருங்கள். வெயிலில் கிடந்த லைனை ஒரு ஜாண் அளவுக்குக் கிடையாக நீட்டிப் பிடியுங்கள். வெப்பமண்டல லைன் ஈர்க்குச்சி போல ஓரளவு நேராக நிற்கும், உங்கள் லைன் வெந்த சேமியா போலத் தொங்கும். தண்ணீர் சுமார் 24 டிகிரிக்கு மேல் போகும் இடத்துக்கெல்லாம் 'டிராப்பிக்கல்' என்று போட்ட லைன் வேண்டும். நம் கடற்கரையில் அது ஏறக்குறைய வருடம் முழுவதும்.

ராடும் மாற வேண்டும். 8ஆம் நம்பர், ஒன்பதடி, கைப்பிடிக்குக் கீழே வயிற்றில் ஊன்றிக்கொள்ள ஒரு சிறு கட்டை உள்ளது. பிற்பகலில் எழும் கடல் காற்றில் கனமான பூச்சியைக் கொண்டுபோக 5ஆம் நம்பர் லைனுக்குத் தெம்பு இல்லை. மேலும் கொடுவா, முள் குத்தியதும் கல்லுக்கோ பாலத்தூணுக்கோ திரும்பும். அதன் தலையைத் திருப்பும் முறுக்கு ராடின் அடிப்பகுதியில் இருக்க வேண்டும்.

ஒரே லைன்தான் வாங்க முடியும் என்றால் மிதவை வேண்டாம், 'இன்டர்மீடியட்' வாங்குங்கள். நொடிக்கு 3 முதல் 5 சென்டிமீட்டர் என்று மெல்ல அமிழும். மேல்மட்டக் காற்றலையில் இழுபடாது. முகத்துவாரத்தில் இரண்டு மீட்டர் ஆழத்துக்கு அது போதாது, தரை தொட நாற்பது நொடிக்குக் குறையாமல் ஆகும், அதற்குள் ஓட்டம் தள்ளிவிடும். அந்த இடத்துக்கு நொடிக்கு ஏழெட்டு சென்டிமீட்டர் இறங்கும் 'டைப் 3' பொருந்தும். அரை நிமிடத்துக்குள் அடியில் இருக்கும்.

லீடரில் 20 பவுண்டு நரம்புக்கு முன்னால் அரை மீட்டருக்கு 40 பவுண்டு நரம்பு கட்டுங்கள். கொடுவாவின் வாய் அரம் போலச் சொரசொரப்பு, மெல்லிய நரம்பைத் தேய்த்தே அறுத்துவிடும். செவுள் மூடியின் ஓரம் பிளேடு, அங்கே விரல் வைக்காதீர்கள்.

கொசு விரட்டும் க்ரீமும், வெயிலுக்குப் பூசும் க்ரீமும் லைன் பூச்சைக் கரைத்துவிடும். உப்பங்கழியில் கொசு இல்லாமல் இராது. புறங்கையால் தடவிக்கொண்டு, உள்ளங்கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு லைனைத் தொடுங்கள்.

ரீலை எந்தக் கையால் சுற்ற வேண்டும்?
– வாசகர், ஈப்போ

வலது கைக்காரர் ராடை வலது கையில் பிடித்து, இடது கையால் சுற்றுவதே நல்லது. மீன் ஓடும்போது கை மாற்றத் தேவையில்லை. கடலில் நிறையப் பேர் வலது கையால் சுற்றுகிறார்கள், பழகிய கை வேகம் என்பதற்காக. அதிலும் தவறில்லை. பெரும்பாலான ரீல்களில் உள்ளிருக்கும் ஒருவழி பேரிங்கைத் திருப்பிப் போட்டால் பக்கம் மாறிவிடும். மாற்றியதும், லைன் ஓடுவதைத் தடுக்கும் பிரேக்கான ட்ரேக் சரியான திசையில் பிடிக்கிறதா என்று இழுத்துப் பார்த்த பிறகே லைன் ஏற்றுங்கள்.

தோல்பாறை மீன் பிடிக்கிறேன். ரீல் வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது. சுற்றினால் கரகரக்கிறது. போன வாரம் மீன் ஓடும்போது ட்ரேக் முதலில் இறுகியது, பிறகு பிடிப்பே இல்லாமல் வழுக்கிவிட்டது. தினமும் ஹோஸ் பைப்பில் நன்றாக அடித்துத்தான் கழுவுகிறேன்.
– வாசகர், தூத்துக்குடி

அந்த ஹோஸ் பைப்தான் காரணமாக இருக்கும். தண்ணீரை வேகமாக அடிக்கும்போது மேலே இருந்த உப்பு வெளியே போவதில்லை, லைன் சுற்றும் உருளையான ஸ்பூலுக்கும் சட்டத்துக்கும் நடுவே உள்ள இடுக்கு வழியாக உள்ளே போகிறது. காய்ந்ததும் படிகமாகிறது. கரகரவென்று கேட்பது அந்த உப்புப் படிகம் பேரிங்கில் அரைபடும் சத்தம்.

ட்ரேக் இறுகிப் பிறகு வழுக்கியது இரண்டு தனிக் கோளாறுகள். இறுகல், ட்ரேக் தகடுகளுக்கு இடையில் உப்போ ஈரமோ சேர்ந்ததால் வருவது. வழுக்கல், ஒருவழி பேரிங்கில். அது ஒரு சிறு உருளைக் கூடு. ஒரு பக்கம் சுற்றினால் உருளைகள் விலகி வழிவிடும், மறுபக்கம் சுற்றினால் இறுகி அச்சைப் பிடித்துக்கொள்ளும். உருளையில் துரு ஏறினாலும் பிடிக்காது, கிரீஸ் தடவினாலும் பிடிக்காது. கிரீஸ் நல்லதுதானே என்று அள்ளிப் பூசுபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அந்தப் பேரிங்குக்கு ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் மட்டும், தையல் மெஷின் எண்ணெய் சரியாக இருக்கும். தேங்காயெண்ணெய் கூடவே கூடாது. நாள்பட்டால் பிசினாகும், மலைக்குக் கொண்டுபோனால் உறைந்தே போகும்.

இப்போது செய்ய வேண்டியது: ஸ்பூலைக் கழற்றி, சட்டத்தை வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப்போடுங்கள். தண்ணீரை இரண்டு முறை மாற்றுங்கள். மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷால் திருகுகளைச் சுற்றித் தேயுங்கள். நிழலில் ஒரு நாள் காய்ந்த பிறகு எண்ணெய் விட்டுச் சுற்றிப் பாருங்கள். கரகரப்பு போகவில்லையென்றால் பேரிங் மாற்ற வேண்டியதுதான். 'சீல்ட் ட்ரேக்' என்று மூடி முத்திரையிட்ட ரீல் என்றால் ட்ரேக் டப்பாவைத் திறக்காதீர்கள், ஊறவும் போடாதீர்கள், தயாரிப்பாளரிடம் அனுப்புங்கள். வினிகர் வேண்டாம், ரீலின் நிறப்பூச்சு கெடும். துரு நீக்கும் ஸ்பிரேயும் வேண்டாம், அது இருக்கிற கிரீஸையும் கழுவிக்கொண்டு போகும், லைனையும் கெடுக்கும்.

இனி கடலிலிருந்து வந்ததும் ட்ரேக்கை முழுக்க இறுக்குங்கள், உள்ளே தண்ணீர் போகும் வழி குறையும். ஒரு குவளையால் மேலே மெதுவாக ஊற்றுங்கள். பிறகு ட்ரேக்கை முழுக்கத் தளர்த்தி, ஸ்பூலைத் தனியே எடுத்து வைத்துக் காயவிடுங்கள். தளர்த்தாமல் வைத்தால் தக்கைத் தகடு உள்ள ரீல்களில் தக்கை அமுங்கி உயிர் போய்விடும். டைபர் போன்ற தக்கை ட்ரேக் ரீல் வைத்திருப்பவர்கள் இதை மறக்கவே கூடாது.

இன்னொன்று, யாரும் கவனிக்காதது: பேக்கிங். லைனுக்கு அடியில் சுற்றிய நூல் கடல் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் ஸ்பூலின் உட்புறத்தை அரிக்கும். வெளியே பளபளவென்று இருக்கும் ரீலில் பேக்கிங்கை உருவினால் அடியில் வெள்ளை மாவு படிந்திருக்கும், விரலால் துடைத்தால் அலுமினியத்தில் அம்மைத் தழும்பு போலக் குழிகள் தெரியும். பெரிய மீன் பேக்கிங் வரை ஓடிய ஒவ்வொரு முறையும் அதை உருவி அலசிக் காயவைத்துச் சுற்றுங்கள்.

புதிதாக வாங்குவதானால், கடலுக்குப் பத்து ரூபாயில் நாலு ரூபாய் ரீலுக்குப் போகட்டும். அச்சில் வார்த்த ரீல் வேண்டாம், முழு அலுமினியக் கட்டையிலிருந்து கடைந்தெடுத்ததும் சீல்ட் ட்ரேக் உள்ளதும் வாங்குங்கள். அகன்ற ஸ்பூலுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. சுற்றின் குறுக்களவு 10 சென்டிமீட்டர் என்றால் ஒரு சுற்றுக்கு 31 சென்டிமீட்டர் லைன் ஏறும், 5 என்றால் 16கூட வராது. தோல்பாறை உங்களை நோக்கித் திரும்பி ஓடிவரும்போது இந்த வித்தியாசம்தான் மீனைத் தக்கவைக்கும்.

ஊரில் வாங்கிய வெப்பமண்டல லைனோடு கிராண்ட் ஆற்றுக்குப் போனேன். ரீலிலிருந்து ஸ்பிரிங் போலச் சுருண்டு வருகிறது. இழுத்து நீட்டினால் சரியாகுமா?
– வாசகர், டொரன்டோ

ஆகாது. சென்னை வாசகருக்குச் சொன்னதன் மறுபக்கம்தான் இது. வெயிலுக்காக விறைப்பாகச் செய்த உள்நூல், குளிர்நீரில் சுற்றிய வடிவத்திலேயே நின்றுவிடுகிறது. குளிர்நீர் லைனில் லேசான சுருள் இருந்தால், கையகலம் கையகலமாக நீட்டி இழுத்தால் நேராகிவிடும். வெப்பமண்டல லைனில் பத்து நிமிடத்தில் சுருள் திரும்ப வரும். அதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், ஊருக்கு வரும்போது உதவும். ஆற்றுக்குக் குளிர்நீர் லைன் ஒன்று வாங்குங்கள்.

பழைய பங்களா சாமான்களோடு ஒரு மூங்கில் ஃப்ளை ராட் கிடைத்தது. மூன்று துண்டு, எட்டரை அடி. உறையில் 'ஹெச்.டி.ஹெச்.' என்று எழுதியிருக்கிறது. பயன்படுத்தலாமா? எந்த லைன்?
– வாசகர், குன்னூர்

உங்களிடம் இருப்பது ஒரு நல்ல பொருள், அவசரப்பட்டு வளைத்துப் பார்க்காதீர்கள். நம்பர் முறை வருவதற்கு முன் பட்டு லைனின் தடிமனை எழுத்தால் குறித்தார்கள். ஏ என்றால் 0.060 அங்குலம், எழுத்து தள்ளிப்போகப் போக மெலிவு. ஹெச். 0.025, டி. 0.045. இரண்டு நுனியும் மெலிந்து நடு தடித்த இரட்டைச் சரிவு லைன் என்பதுதான் ஹெச்.டி.ஹெச். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 6ஆம் நம்பர் 'டபுள் டேப்பர்'. 5ஆம் நம்பரில் தொடங்கிப் பாருங்கள், பழைய மூங்கிலுக்குப் பாரம் குறைந்தால் நல்லது.

முதலில் பரிசோதனை. துண்டுகளைப் பொருத்தாமல் ஒவ்வொன்றையும் கண்ணுக்கு நேரே பிடித்துச் சுழற்றுங்கள். ஒரு பக்கமாக வளைந்தே நின்றால் மூங்கில் அயர்ந்துவிட்டது என்று பொருள். இலேசான வளைவு பரவாயில்லை. ஆறு பட்டைகளைக் கோந்தால் ஒட்டித்தான் இந்த ராடு செய்கிறார்கள். விரல் நகத்தால் நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். ஒரே சத்தமாக வந்துகொண்டிருந்து ஓரிடத்தில் மட்டும் சத்தம் மாறினால் அங்கே பட்டை விட்டிருக்கிறது. அந்த ராடை எறியாதீர்கள், பழுது பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். உலோகப் பூட்டுகள் ஆடக் கூடாது. மாட்டிக்கொண்டால் முறுக்காமல் நேராக இழுங்கள், முறுக்கினால் மூங்கில் பிளக்கும்.

வெயிலில் நிறுத்திய காருக்குள் விடாதீர்கள், பழைய கோந்து இளகும். நனைந்த துணிப்பையில் கட்டி வைக்காதீர்கள். மீன் மாட்டினால் எப்போதும் ஒரே பக்கம் வளையவிடாமல் அவ்வப்போது ராடை அரைச் சுற்று திருப்பிப் பிடியுங்கள். பட்டு லைனே கிடைத்தால் ஒவ்வொரு முறையும் கிரீஸ் தடவித்தான் மிதக்கவிட வேண்டும், இரவு முழுவதும் ரீலுக்கு வெளியே தளர்வாகக் காயவைக்க வேண்டும். இல்லையென்றால் மக்கிப்போகும்.

மாலத்தீவில் வேலை பார்க்கிறேன். ஜி.டி. எனப்படும் ஜயன்ட் ட்ரெவாலிப் பாறை மீனுக்கு 12ஆம் நம்பர் செட் வாங்கினேன். 130 பவுண்டு லீடர் போட்டும் மீன் அறுத்துக்கொண்டு போய்விட்டது. அறுந்தது லீடர் அல்ல, லைன்!
– வாசகர், மாலே

சங்கிலியில் எந்தக் கண்ணி மெலிந்ததோ அதுதான் அறும். பல ஃப்ளை லைன்களின் உள்நூல் 30, 35 பவுண்டுதான் தாங்கும். அதற்கு முன்னால் 130 பவுண்டு கட்டினால் அறுவது லைன்தான், கூடவே மீன் வாயில் பல மீட்டர் லைனை இழுத்துக்கொண்டு போகும். அது பவளத்தில் சிக்கினால் அந்த மீன் பிழைப்பது கடினம். லைன் பெட்டியில் உள்நூல் பலம் எழுதியிருக்கும். ஜி.டி.க்கென்றே 50 பவுண்டுக்கு மேல் தாங்கும் உள்நூலோடு லைன் வருகிறது, அதை வாங்குங்கள். பவளத்தில் உரசும் தேய்மானத்துக்காகத்தான் கனமான லீடர் போடுகிறோம். 100 பவுண்டு நரம்பு, இடையில் முடிச்சே இல்லாமல் இரண்டரை மீட்டர், அது போதும்.

பேக்கிங் 60 அல்லது 80 பவுண்டு ஜெல்ஸ்பன் நூல், 300 கஜம், அதாவது சுமார் 275 மீட்டர். ட்ரேக்கைக் கை ஊகத்தில் வைக்காதீர்கள். லீடர் நுனியை ஸ்பிரிங் தராசில் மாட்டி, ராடைத் தாழ்த்தி லைனை நேராக இழுங்கள். முதலில் 5 கிலோவில் லைன் நழுவத் தொடங்கட்டும். 8ஆம் நம்பரில் 16 பவுண்டு நரம்பு போட்டவர்களுக்கு, நரம்பின் பலத்தில் கால் பங்கு என்ற கணக்கில் 1.8 கிலோ.

மீன் வாய் வைத்ததும் ட்ரவுட்டுக்குத் தூக்குவது போல ராடைத் தூக்கினால் முள் பதியாது. ராட் நுனி தண்ணீரை நோக்கியே இருக்க, இடது கையால் லைனை நீளமாக, கெட்டியாக இழுங்கள். இரண்டு, மூன்று முறை. அடுத்த மூன்று நொடிதான் ஆபத்து. காலடியில் சுருண்டு கிடக்கும் லைன் எல்லாம் பாய்ந்து மேலே வரும். மீனைப் பார்க்காதீர்கள், லைனைப் பாருங்கள். கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்த வளையத்துக்குள் அது ஓடட்டும். அதை ராடின் அடிக்கட்டையிலிருந்தும் ரீல் கைப்பிடியிலிருந்தும் தள்ளியே பிடியுங்கள். செருப்பு வார், சட்டைப் பொத்தான், கடிகாரம் எதில் சிக்கினாலும் லைனோ விரலோ போகும். கடைசிச் சுருளும் வளையங்களைத் தாண்டி லைன் ரீலிலிருந்து நேராக ஓடத் தொடங்கிய பிறகுதான் ராடை உயர்த்துங்கள், அதுவும் 45 டிகிரிக்கு மேல் வேண்டாம்.

முள்ளின் கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிட்டே தொடங்குங்கள். மீனை விடும்போது வாலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடாமல், வயிற்றைத் தாங்கித் தண்ணீரிலேயே வைத்திருந்து, அது தானாக உதறும்போது விடுங்கள்.

8ஆம் நம்பர் ரீலுக்கு எவ்வளவு பேக்கிங் சுற்ற வேண்டும்? தங்கூசியையே சுற்றினால் என்ன?
– வாசகர், மட்டக்களப்பு

தங்கூசி என்ற நைலான் நரம்பு வேண்டாம். அது இழுபட்டு நீண்ட நிலையில் ஸ்பூலில் சுற்றினால் உள்ளுக்குள் நெருக்கி ஸ்பூலையே விரித்துவிடக்கூடும், சுருள் நினைவும் போகாது. 20 அல்லது 30 பவுண்டு டேக்ரான் நூல், 150 முதல் 200 கஜம் சுற்றுங்கள். ட்ரவுட் ரீல் என்றால் 50, 100 கஜம் தாராளம்.

சரியான அளவு உங்கள் ரீலுக்கு எவ்வளவு என்பதை ரீலே சொல்லும். முதலில் ஃப்ளை லைனின் முன்நுனியிலிருந்து வெறும் ஸ்பூலில் சுற்றுங்கள். அதன் வால்நுனியில் பேக்கிங்கைத் தற்காலிகமாகக் கட்டி, ஸ்பூல் விளிம்புக்கு 4, 5 மில்லிமீட்டர் குறையும்வரை சுற்றி வெட்டிவிடுங்கள். இப்போது எல்லாவற்றையும் ஒரு மைதானத்தில் உருவி, பேக்கிங் வெட்டிய நுனியை ஸ்பூலில் கட்டி, தலைகீழாகத் திரும்பச் சுற்றுங்கள். அரைநாள் வேலைதான், ஆனால் அளவு பிசகாது. விளிம்பு வரை நிரப்பினால் மீனோடு மல்லுக்கட்டும்போது ஒருபக்கமாக ஏறிய லைன் சட்டத்தில் உரசி நின்றுவிடும்.

பேக்கிங்கை ஈரத்துணிக்குள் இறுகப் பிடித்துச் சுற்றுங்கள். தளர்வாகச் சுற்றிய ஜெல்ஸ்பன், மீன் இழுக்கும்போது கீழ்ச் சுற்றுகளுக்குள் புதைந்து பூட்டிக்கொள்ளும். அந்த நூல் ஸ்பூலில் வழுக்கிச் சுற்றவும் செய்யும், அடியில் சில மீட்டர் டேக்ரான் போட்டு அதற்கு மேல் ஏற்றினால் வழுக்காது. ஓடும் ஜெல்ஸ்பன்னை வெறும் விரலால் நிறுத்த முயலாதீர்கள், எலும்பு வரை அறுக்கும்.

புது ராட், ஒரு கிலோ மீன்கூட இல்லை, நுனியிலிருந்து இரண்டடியில் முறிந்துவிட்டது. தயாரிப்புக் கோளாறா?
– வாசகர், கோவை

இருக்கலாம், ஆனால் அபூர்வம். முறிந்த இடத்தைப் பாருங்கள். ராட் பொருத்தில் பிளந்திருந்தால், துண்டுகள் எறியும்போது தளர்ந்து பாதி இறங்கிய நிலையில் எறிந்திருக்கிறீர்கள். பத்து எறிக்கு ஒரு முறை பொருத்துகளைத் தொட்டுப் பாருங்கள், உள்துண்டில் மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்த்தால் பிடிப்பு நிற்கும். நடுவில், சுத்தமாகக் குறுக்கே முறிந்திருந்தால், முன்பே ஓர் அடி விழுந்திருக்கிறது. ஈயமணி வைத்த பூச்சி எறியும்போது தாழ்ந்து வந்து ராடில் மோதினால் கார்பன் குழாயில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும், முறிவது அடுத்த வாரம் ஒரு சின்ன மீனில். கனப் பூச்சியைத் தலைக்கு மேலே குறுக்காக அல்ல, பக்கவாட்டில் அகன்ற வளைவாகக் கொண்டுவந்து எறியுங்கள்.

நுனிப்பகுதி மட்டும் போயிருந்தால், மீனைக் காலடிக்கு இழுத்துவிட்டு ராடைச் செங்குத்தாகத் தூக்கினீர்களா என்று யோசியுங்கள். அப்போது முழுப் பாரமும் மெல்லிய நுனியில் விழும், தடித்த அடிப்பகுதி சும்மா இருக்கும். கைவலை எட்டாத தூரத்தில் மீன் நின்றால் ராடைத் தூக்காமல் நீங்கள் ஓரடி பின்வாங்குங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால், வீட்டில் யாராவது ராடை முழுக்கப் பொருத்திக் காட்டினார்களா என்று கேட்டுப் பாருங்கள். ஒன்பதடி ராட், நம் வீட்டுக் கூடத்தின் மின்விசிறிக்கு எட்டும் உயரம். கார் கதவுக்கு அடுத்தபடியாக அதிக ராட்களை முறிப்பது அதுதான். பொருத்துவதும் கழற்றுவதும் வாசலில் நடக்கட்டும், கழற்றிய துண்டுகளைத் துடைத்துக் காயவைத்த பிறகு குழாய்க்குள் போடுங்கள்.